பெட்டிமேல் போட்ட அரிசி

சங்கரன்கோவில்
29.1.2024

தம்பி பெத்துராஜுக்கு மைனி கோகிலா எழுதுவது. இங்கே நான், சுமதி, மாமா மூன்று பேரும் சுகம். மாமாவுக்கு மட்டும் பனி ஒத்துக்கொள்ளாமல் இருமல். நீங்கள் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா, அந்த அறையில் கொசுத்தொல்லை குறைந்ததா என்று எழுதவும்.

போன் இருக்கும்போது மைனி ஏன் காகிதம் எடுத்தாள் என்று நினைப்பீர்கள். காரணம் உங்கள் படம்தான். பேசுகிற ஒவ்வொரு பேச்சையும் ஒருத்தன் காதில் மாட்டிக்கொண்டு கேட்கிறானே, அதைப் பார்த்த பிறகு போனைத் தொடவே கூசுகிறது.

நேற்று ஞாயிறு, தறி லீவு. என்னோடு தறிக்கூடத்தில் வேலை பார்க்கிற பக்கத்து வீட்டு மகபூப் பீவியையும் கூட்டிக்கொண்டு 'அரக்கு முத்திரை' பார்க்கப் போனோம். கதை வசனம் என்று திரையில் உங்கள் பேர் வந்ததும் சுமதி சீட்டில் ஏறி நின்று "எங்க சித்தப்பா, எங்க சித்தப்பா" என்று கத்தி, பின்னால் இருந்தவர்களிடம் ஏச்சு வாங்கினாள். எனக்கும் பெருமை தாங்கவில்லை. பெரிய ஆளாகிவிட்டீர்கள் போங்கள்.

அப்புறம் கதை ஆரம்பித்தது. வடக்கே மலைக்குள் சர்க்கார் முகாமில் ஜீப் ஓட்டுகிற ஒரு டிரைவர். ஜீப் உருண்டு தீப்பிடித்துச் செத்துப்போனான் என்று சீல் வைத்த பெட்டி வீட்டுக்கு வருகிறது. கூட வந்த ஆபீசர் "முகம் பாக்கிற மாதிரி இல்ல, தொறக்காதீங்க" என்கிறார். தம்பி, இது வடக்கே ஜீப் ஓட்டப் போன உங்கள் அண்ணன் பெட்டி அல்லவா? அன்றைக்கு நம் வாசலில் நின்று அந்த ஆபீசர் சொன்ன அதே வார்த்தை அல்லவா? மகபூப் பீவி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அழுதுவிட்டு எழுந்து வந்திருப்பேன். ஆனால் அந்தப் பெண்டாட்டி கோர்ட்டுக்குப் போய்ப் பெட்டியைத் தோண்டி எடுக்கிறாள். உள்ளே மணல் மூட்டை! அவன் சாகவில்லை. பார்க்கக் கூடாத எதையோ பார்த்துவிட்டான் என்று சர்க்காரே அவனை ஒளித்து வைத்திருக்கிறது. கடைசியில் தப்பி வந்து வாசலில் நின்று அவளிடம் "கலெக்டரு உத்தரவு குடுத்தா உள்ள வாரேன்" என்கிறான். தியேட்டரே விசிலடித்தது. நான் சீட்டைவிட்டு எழுந்து நின்றுவிட்டேன்.

என்னைக் கலெக்டர் என்று கூப்பிட்டது உங்கள் அண்ணன் ஒருவர்தான். அதுவும் கதவைச் சாத்தின பிறகுதான். மாமாவுக்குத் தெரியாது, என் அம்மாவுக்குக்கூடத் தெரியாது. அந்தப் பேரை உங்களுக்குச் சொன்னது யார்? எப்போது சொன்னார்? உடனே எழுதவும்.

அன்பு மைனி,
கோகிலா


சென்னை
19.2.2024

அன்புள்ள மைனிக்கு பெத்துராஜ் வணக்கம். நான் நலம். கொசு என்னைவிட நலம். அப்பாவை வெந்நீர் குடிக்கச் சொல்லுங்கள். சுமதி நன்றாகப் படிக்கிறாளா?

பதில் தாமதமாகிவிட்டது, கோபிக்க வேண்டாம். படம் பிய்த்துக்கொண்டு ஓடுகிறது. ஊர் ஊராகத் தியேட்டருக்கு இழுத்துப் போகிறார்கள். இப்போதே பார்ட் டூ கேட்கிறார் தயாரிப்பாளர்.

அண்ணன் சாவைக் கதைக்கு எடுத்துக்கொண்டதற்கு முன்னாலேயே உங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். தைரியம் வரவில்லை. மற்றபடி அது சினிமா, மைனி. ரகசிய முகாம், சுரங்கம், ஹெலிகாப்டர் எல்லாம் நாங்கள் நாலு பேர் அறை போட்டு உட்கார்ந்து டீயாகக் குடித்துக் கட்டின கப்சா. போன் ஒட்டுக்கேட்பதும் அப்படித்தான். பயப்படாமல் போன் போடுங்கள்.

அந்தப் பேரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது சும்மா, எழுதுகிற வேகத்தில் வாயில் வந்தது. வேறொன்றும் இல்லை.

இப்படிக்கு,
பெத்துராஜ்


சங்கரன்கோவில்
24.2.2024

தம்பிக்கு மைனி எழுதுவது. யாவரும் சுகம். மாமாவுக்கு வெந்நீர் கொடுக்கிறேன். குடித்துவிட்டு என்னையே ஏசுகிறார்.

மூன்று வாரம் யோசித்து "சும்மா வாயில் வந்தது" என்று எழுதினால் நம்புவதற்கு நான் என்ன பச்சைப்பிள்ளையா? கண்ணு, தங்கம், செல்லம் எதுவும் வாயில் வரவில்லை, கலெக்டர்தான் வந்ததாக்கும்!

படத்தை இன்னும் இரண்டு தரம் பார்த்துவிட்டேன். பார்க்கப் பார்க்க அந்தப் பெட்டி வந்த நாள்தான் கண்ணுக்குள் நிற்கிறது. நான் வாய்க்கரிசியைக் கையில் அள்ளிக்கொண்டு நிற்கிறேன். ஊரில் மூத்த மாரித்தாய் அத்தை அந்த ஆபீசரைப் பார்த்து, "ஏய்யா, தலமாடு எந்தப் பக்கம்? வாய் எங்கன இருக்கு?" என்று கேட்டாள். அவருக்கே தெரியவில்லை. குத்துமதிப்பாக ஒரு பக்கத்தைக் காட்டினார். நான் போட்ட அரிசி தகரத்தில் சறுக்கித் தரையில் சிந்தியது. அதைக் கோழி வந்து கொத்தியது. ஒருத்தரும் விரட்டவில்லை. நீங்கள் குடம் உடைத்தீர்கள். குழிக்குள் தலையை எந்தத் திசையில் வைத்து இறக்கினோம் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

புருஷன் முகத்தைப் பார்க்காமல் தாலி அறுத்தவள் நான். அந்தப் பெட்டிக்குள் உங்கள் அண்ணன்தான் இருந்தார் என்று உங்களால் அடித்துச் சொல்ல முடியுமா?

நேற்று வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்துக் குங்குமம் வைத்தேன். மாமா பார்த்துவிட்டுப் பாதிச் சோற்றில் எழுந்துவிட்டார்.

நீங்கள் அவரைப் பார்த்தீர்கள். எனக்குத் தெரியும். எங்கே வைத்திருக்கிறார்கள் தம்பி? மெலிந்துவிட்டாரா? அதை மட்டுமாவது எழுதுங்கள்.

மைனி


சென்னை
12.3.2024

அன்புள்ள மைனிக்கு வணக்கம். நான் சுகம். அப்பாவையும் சுமதியையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

உங்கள் காகிதத்தை நாலு தரம் படித்தேன். குங்குமம் வையுங்கள், பூ வையுங்கள், பட்டே கட்டுங்கள், யாரும் தடுக்கப் போவதில்லை. ஆனால் அண்ணன் இருக்கிறார் என்று நினைக்காதீர்கள். நான் யாரையும் பார்க்கவில்லை. அப்பா மேல் சத்தியம்.

தயவுசெய்து போன் போடுங்கள். நான் போட்டால் சுவிட்ச் ஆஃப் என்று வருகிறது.

பெத்துராஜ்


சங்கரன்கோவில்
8.4.2024

தம்பிக்கு மைனி எழுதிக்கொள்வது. வெயில் மண்டையைப் பிளக்கிறது. மாமாவுக்கு இருமல் நின்றுவிட்டது, பேச்சும் நின்றுவிட்டது. என்னோடுதான்.

அப்பா மேல் சத்தியம் என்று எழுதினீர்கள், அந்தப் பேரைப் பற்றி இந்தத் தடவையும் ஒரு வார்த்தை எழுதவில்லை. எனக்கு அதுவே போதும்.

ஞானபூரணம் வக்கீலம்மாவைப் போய்ப் பார்த்தேன். "சினிமா பாத்துட்டுக் கேஸ் போட வாரீங்களாக்கும்" என்று முதலில் சிரித்தார். படத்தில் அந்தப் பெண் எந்த ஆபீசில் மனுக் கொடுத்தாள், என்ன எழுதினாள், எப்படி மதுரைக் கோர்ட்டில் உத்தரவு வாங்கினாள் என்று ஒன்று விடாமல் சொன்னேன். சிரிப்பை நிறுத்திவிட்டு, "எழுதினவரு சட்டம் தெரிஞ்சவரா?" என்றார். எங்க கொழுந்தனார் என்றேன்.

மனுவில் புருஷன் பேர் எழுத வேண்டியிருந்தது. செல்வக்குமார் என்று என் கையால் எழுதினேன். கல்யாணமான நாளிலிருந்து அதுதான் முதல் தடவை.

மாமா கடைசியாகப் பேசியது இதுதான்: "மண்ணுக்குள்ள போனவன நோண்டாதட்டி. கெடக்கட்டும், தூங்கட்டும்." சுமதி பள்ளிக்கூடத்தில் எங்கப்பா வரப்போறாரு என்று சொல்லி வைத்திருக்கிறாள். தெருவில் ஜீப் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடுகிறாள். நானும் ஓடுகிறேன். என்னத்துக்கு மறைக்க?

கோகிலா


சென்னை
22.4.2024

மைனிக்கு பெத்துராஜ் வணக்கத்துடன் எழுதுவது. உடம்பு சுகம்தான், மனசுதான் சரியில்லை. அப்பாவைப் பட்டினி போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எழுதிவிடுகிறேன். நான் காலேஜ் படிக்கும்போது உங்கள் அறைக்கும் என் படுக்கைக்கும் நடுவே ஒரு தட்டிதான் இருந்தது. அண்ணன் உங்களைக் கலெக்டரு, கலெக்டரு என்று கொஞ்சுவது என் காதில் விழும். தலையணையால் காதை மூடிக்கொள்வேன். இதை உங்களுக்கு எப்படி எழுதுவேன்? கொழுந்தன் ஒட்டுக்கேட்டுக்கொண்டு கிடந்தான் என்று நினைத்துவிட்டால் அப்புறம் உங்கள் முகத்தில் எப்படி விழிப்பேன்? அந்தக் கூச்சத்தில்தான் மழுப்பினேன். வேறு ரகசியம் இல்லை மைனி. அண்ணனை நான் பார்க்கவில்லை.

இன்னொன்று. சாவதற்கு முந்தின வாரம் அண்ணன் போனில், "இங்கன லாரியில ஏத்துதது கல்லு இல்லலே, வந்து சொல்லுதேன்" என்றார். அங்கே கல் உடைக்கிற கம்பெனி ஏதோ திருட்டுச் சரக்கு ஓட்டுகிறது போல என்று விட்டுவிட்டேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் முழுப் படத்தையும் கட்டினேன். முதலில் கதையிலும் அவரைச் சாகடிக்கத்தான் எழுதினேன். முடியவில்லை. அந்தப் பக்கத்துக்கு வந்ததும் அழுகை வந்துவிடும். சரி, சினிமாவிலாவது வீடு வந்து சேரட்டும் என்று உயிரோடு கூட்டிவந்தேன். இதற்கு நீங்கள் படும் பாட்டைப் பார்த்தால் கையை முறித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

மனுவைத் திரும்ப வாங்குங்கள். காலில் விழுந்து கேட்கிறேன்.

பெத்துராஜ்


சங்கரன்கோவில்
27.4.2024

தம்பிக்கு. இங்கு எல்லோரும் சுகம்.

காகிதம் கிடைத்தது. இதை ஏன் முதலிலேயே எழுதவில்லை? இரண்டு மாதம் கழித்து, தட்டி, தலையணை என்று யாரோ பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல எழுதினது மாதிரி இருக்கிறது. உங்கள் படத்திலும் அவன் தம்பியை ஒரு அறையில் உட்கார வைத்து, "நான் அண்ணனைப் பார்க்கவில்லை, மனுவைத் திரும்ப வாங்குங்கள்" என்று மிரட்டித்தானே எழுத வைக்கிறார்கள்?

மிரட்டுகிறார்களா தம்பி? வெளிப்படையாக எழுத முடியாவிட்டால் ஒன்று செய்யுங்கள். அடுத்த காகிதத்தில் மாமாவைப் பற்றி விசாரிக்காமல் விட்டுவிடுங்கள். நான் புரிந்துகொள்வேன்.

மைனி


சென்னை
28.4.2024

மைனி,

அவசரமாக எழுதுகிறேன், ஆபீஸ் வாசலில் வண்டி நிற்கிறது. உங்கள் மனுவைப் பற்றி அங்கே பேப்பரில் வந்த செய்தியை யாரோ தயாரிப்பாளருக்கு அனுப்பிவிட்டார்கள். குதிக்கிறார். உங்களைப் பேட்டி எடுத்து 'உண்மைக் கதை' என்று விளம்பரம் பண்ணக் கேமராவோடு ஆள் அனுப்பப் போகிறார்களாம். கதவைத் திறக்காதீர்கள். யாரிடமும் எதுவும் பேசாதீர்கள். மனுவை வாபஸ் வாங்குங்கள். அவ்வளவுதான்.

பெத்து


சங்கரன்கோவில்
4.5.2024

தம்பிக்கு,

புரிந்தது. மாமாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கதவைத் திறக்காதே, யாரிடமும் பேசாதே என்றும் எழுதிவிட்டீர்கள்.

உங்களுக்கும் ஒன்று ஆகிவிடக் கூடாது. இனி எனக்கு எழுதவே வேண்டாம். பெட்டியைத் திறந்து மணலைக் காட்டிவிட்டால் அப்புறம் உங்களை விட்டுவிடுவார்கள். நான் பார்த்துக்கொள்கிறேன்.

கோகிலா


சென்னை
3.6.2024

மைனிக்கு வணக்கம். அப்பா எப்படி இருக்கிறார்? இருமல் எப்படி இருக்கிறது? சாப்பிடுகிறாரா? சுமதி சுகமா? எல்லாம் விசாரித்துவிட்டேன், பார்த்துக்கொள்ளுங்கள்.

கடவுளே! நான் அவசரத்தில் எழுதிப் போட்ட மறுநாளைக்கு மறுநாள்தான் உங்கள் காகிதமே என் கைக்கு வந்தது. என்னை யாரும் மிரட்டவில்லை. ஒரு ஈ காக்காய்கூட என்னைக் கண்டுகொள்ளவில்லை. மகபூப் பீவி நம்பருக்குப் போட்டால், "மைனி பேசக்கூடாதுன்னு சொல்லிட்டாங்கண்ணே" என்று வைத்துவிடுகிறாள்.

போன வாரம் நேரில் வந்து சொல்லிவிடலாம் என்று பொதிகை ரயிலில் ஏறினேன். நம் ஊருக்கு முன்னாலேயே ராஜபாளையத்தில் இறங்கிவிட்டேன். நீங்கள் பூ வைத்துக்கொண்டு கதவைத் திறப்பீர்கள், அந்த முகத்தைப் பார்த்து அண்ணன் இல்லை என்று சொல்ல வேண்டும். என்னால் ஆகாது மைனி. பஸ் ஸ்டாண்டிலேயே சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பிவிட்டேன். கோழைப்பயல் என்று ஏசுங்கள். ஏசியாவது நாலு வரி எழுதுங்கள்.

பெத்துராஜ்


சங்கரன்கோவில்
19.8.2024

தம்பி பெத்துராஜுக்கு மைனி கோகிலா எழுதுவது. உங்கள் உடம்பு சுகமாக இருக்க வேண்டும் என்று கும்பிட்டுக்கொண்டே எழுதுகிறேன். நானும் சுமதியும் இருக்கிறோம். மாமா தெம்பாக இருக்கிறார், ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

கோர்ட் உத்தரவு ஆனியிலேயே வந்துவிட்டது. ஆடித்தபசுத் திருவிழாவுக்குப் போலீஸ் எல்லாம் போய்விட்டதால் தேதி தள்ளிப்போய், போன வாரம்தான் தோண்டினார்கள். தாசில்தார், திருநெல்வேலியிலிருந்து டாக்டர், போலீஸ், வக்கீலம்மா. மாமா தூரத்தில் உடைமரத்தடியில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நான் பச்சைச் சேலை கட்டி, கை நிறைய வளையல் போட்டு, தலை கொள்ளாமல் பிச்சிப்பூ வைத்துக்கொண்டு போனேன். மாரித்தாய் அத்தை, "இடுகாட்டுக்கு இப்படியாட்டி வருவாவ?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். எனக்குத்தான் தெரியுமே, உள்ளே மணல்தானே இருக்கும் என்று சிரித்தேன்.

மணல் இல்லை தம்பி.

உங்கள் அண்ணன்தான் இருந்தார். கடைவாயில் கட்டின பல்லை நானே பார்த்தேன். பெருமாள் கோவில் பக்கத்துக் கடையில் நான் எடுத்துக் கொடுத்த நீலக் கட்டம் போட்ட சட்டை. ஜீப் எரிந்து கரிக்கட்டையாகிவிட்டார் என்றார்களே, அந்தச் சட்டையில் ஒரு நூல் கருகவில்லை. தலைமுடி அப்படியே இருந்தது. டாக்டர் தலையைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஒரு ஓட்டை. அவர் தாசில்தாரைப் பார்த்தார், தாசில்தார் தரையைப் பார்த்தார். "தீக்காயம் எதுவும் இல்லைன்னு எழுதிக்கோங்க" என்று டாக்டர் சொன்னது எங்கள் எல்லார் காதிலும் விழுந்தது.

முகம் பார்க்கிற மாதிரி இல்லை என்றார்களே! பார்க்கிற மாதிரி இருந்ததால்தானே தம்பி பார்க்க விடவில்லை?

முதல் தடவை ஊர்ப் பெண்கள் என்னைப் பிடித்து உட்கார வைத்துத்தான் பூவை எடுத்தார்கள், வளையலை உடைத்தார்கள். இந்தத் தடவை யாரும் கிட்ட வரவில்லை. நானே எடுத்தேன், நானே உடைத்தேன். அத்தனை ஆம்பிளைகளுக்கு நடுவில். அழுகை வரவில்லை. சுமதியிடம் வீட்டுக்கு வந்து சொன்னேன். "அப்ப சித்தப்பா படத்துல பொய் சொல்லிட்டாங்களா?" என்று கேட்டாள்.

அவரைத் துண்டு துண்டாகப் பையில் போட்டு, சோதனைக்கு என்று வேறொரு பெட்டியில் வைத்து மறுபடியும் அரக்கு சீல் வைத்துக் கொண்டுபோய்விட்டார்கள். எப்போது திருப்பித் தருவார்கள் என்று தெரியாது.

உங்களை ஏச வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். வரவில்லை. இத்தனை மாதம் நான் புருஷன் உள்ளவளாக இருந்தேன். அது உங்கள் படம் கொடுத்தது. நீங்கள் ஆசைப்பட்டு எழுதினது பொய்யாகப் போய்விட்டது, கப்சா என்று எழுதினது நிஜமாகிவிட்டது.

இனிதான் முக்கியம். மறுநாள் வெள்ளைக் காரில் இரண்டு பேர் வந்தார்கள். சினிமா கம்பெனியிலிருந்து வருவதாகச் சொன்னார்கள். கேமராவும் இல்லை, ஒன்றும் இல்லை. உங்கள் அண்ணனைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. "ஒங்க கொழுந்தனுக்கு அந்த முகாம் விஷயமெல்லாம் யார் சொன்னா? இப்ப எங்க தங்கியிருக்காரு?" இதையே திரும்பத் திரும்பக் கேட்டார்கள். மாமா உள்ளேயிருந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, "அந்தப் பயலுக்கும் எங்களுக்கும் பேச்சு வார்த்த கெடையாது. விலாசமும் தெரியாது. போங்கவே" என்று வெளியே தள்ளாத குறையாக அனுப்பினார். அன்றைக்கு ராத்திரிச் சோற்றை என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டார்.

அவருக்கு மிச்சம் இருப்பது ஒரு பிள்ளை. இங்கே வராதீர்கள். அந்த அறையிலும் இருக்காதீர்கள். எங்கே போகிறீர்கள் என்று எனக்கும் எழுத வேண்டாம்.

கோகிலா


சென்னை
27.8.2024

அன்புள்ள மைனிக்கு பெத்துராஜ் எழுதுவது. சுகத்தை நேரில் விசாரித்துக்கொள்கிறேன்.

உங்கள் காகிதத்தைத் தயாரிப்பாளர் ஆபீஸில் வைத்துத்தான் பிரித்தேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டார். சொன்னேன். "பார்ட் டூவுக்கு இதுக்கு மேல என்னய்யா வேணும்?" என்றார். எழுந்து வந்துவிட்டேன்.

என் அறைக்கும் அந்த இரண்டு பேர் வந்துபோனார்களாம். வீட்டுக்காரர் சொன்னார். பயமாகத்தான் இருக்கிறது, பொய் சொல்லவில்லை. நேற்றெல்லாம் பாண்டிச்சேரியா, பெங்களூரா என்று யோசித்தேன். ஆனால் அண்ணன் கடைசியாகப் பேசியது என்னிடம். லாரியில் ஏற்றுவது கல் இல்லை என்று அவர் சொன்னதைக் கோர்ட்டில் சொல்வதற்கு உலகத்தில் வேறு ஆள் இல்லை. நான் ஓடிவிட்டால் அதுவும் அந்தப் பெட்டிக்குள் போய்விடும். அவர்களுக்கும் இது தெரிந்துதான் தேடுகிறார்கள்.

வக்கீலம்மாவிடம் சாட்சிக்கு என் பேரை எழுதச் சொல்லுங்கள். கோடி வேட்டி ஒன்று வாங்கிவிட்டேன். எலும்பைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் அண்ணனுக்குச் சுற்ற வேண்டும். சுமதியிடம், சித்தப்பா பொய் சொன்னது நிஜம்தான், வந்து தோப்புக்கரணம் போடுகிறேன் என்று சொல்லுங்கள்.

வருகிற ஞாயிறு ராத்திரி பொதிகையில் ஏறுகிறேன். இந்தத் தடவை ராஜபாளையத்தில் இறங்க மாட்டேன். அந்த இரண்டு பேர் மறுபடி வந்தால் அப்பாவைப் பொய் சொல்ல விடாதீர்கள். என் விலாசம் கேட்டால் நம் வீட்டு விலாசத்தையே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

உங்கள் கொழுந்தன்,
பெத்துராஜ்